பூங்காம்பில் ஆறு புள்ளிகள்

"…தூசின்னா இப்படி ஆறும் ஒரே பக்கமா தலைய வச்சுக்கிட்டா உக்காந்திருக்கும், அண்ணாச்சி? செத்த நல்லாப் பாருங்க" என்றார் நர்ஸம்மா.

மாசி மாதக் காலை. வெயில் மலை உச்சியைத் தொட்டிருந்தது, எங்கள் மாந்தோப்புக்கு இன்னும் இறங்கவில்லை. வேலி ஓரத்தில் நர்ஸம்மாவின் நான்கு தேனீப் பெட்டிகளும் வாசல் அடைக்கப்பட்டு மாட்டு வண்டிக்காகக் காத்திருந்தன. அவர் கையில் ஒரு கறுப்பு வெள்ளைப் போட்டோ. அவர் எதிரே அப்பா. அப்பாவுக்குப் பக்கத்தில், அந்தப் போட்டோவை எடுத்த சித்தப்பா. பத்து வயசு நான், காலடியில் கிடந்த மாம்பூச் சருகைப் பெருவிரலால் கிளறிக்கொண்டு நின்றேன். பெட்டிகள் ஊரை விட்டுப் போக இருந்ததற்குக் காரணமான வாய் என் வாய்தான். அதனால்தான் நிமிர்ந்து பார்க்கவில்லை.

நர்ஸம்மா அடுத்து என்ன செய்தார் என்பதைச் சொல்லத்தான் இவ்வளவு நாள் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். ஆனால் நம்ம வயசுக்காரர்களுக்குத் தெரியும், எதையும் நேராகச் சொல்ல நமக்கு வராது. பஸ் ஸ்டாண்டுக்கு வழி கேட்டால் நடுவில் இருக்கிற நாலு வீட்டு விசேஷத்தையும் சேர்த்துத்தான் சொல்வோம்.

போன வாரம் எதிர்வீட்டுப் பெண் மொட்டை மாடியில் முருங்கைப் பூவில் உட்கார்ந்த தேனீயைப் போனில் எடுத்துக்கொண்டு வந்து காட்டினாள். இரண்டு விரலை வைத்து விரித்தாள். தேனீயின் கண்ணில் இருந்த முடிகூடத் தெரிந்தது. எனக்கு உடம்பு சிலிர்த்தது. "என்ன பெரியம்மா, பயமா?" என்றாள். பயம் இல்லை. அந்த மாதிரி ஒரு படத்துக்காக ஒரு மனுஷன் இரண்டு மாதம் மரத்தடியில் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றதைப் பார்த்தவள் நான். அதை அவளிடம் சொன்னால் பாதியில் போன் அடிக்கும். உங்களிடம் சொல்கிறேன்.

அப்பா பேண்டேஜ் துணி நெய்கிற தறிப் பட்டறையில் மேஸ்திரி. முப்பது தறி ஓடும்போது ஒன்றில் நூல் அறுந்தால் காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். மாமரத்தைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, மாம்பழம் இனிக்கும் என்பது மட்டும்தான். குடும்பத்தில் பாகம் பிரித்தபோது ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத் தோப்பு அப்பா பங்குக்கு வந்தது. வயல் கேட்டிருந்தார், தோப்பு விழுந்தது. செட்டியார்பட்டியில் வாழ்க்கைப்பட்டிருந்த அத்தை, அப்பாவுக்கு மூத்தவள், பாகம் பிரித்த அன்றே சொல்லிவிட்டாள்: "தறிக்காரன் கையில தோப்பக் குடுத்திருக்கீய. மரத்துக்குக் கஞ்சி போட்டுக் காயவைக்கப் போறான்."

அந்தச் சொல் அப்பாவைத் தைத்துவிட்டது. முதல் வருஷ மகசூலை எடுத்துக் காட்டினால்தான் சொந்தத்துக்குள் தலை நிமிர்ந்து நடக்கலாம் என்று ஆகிவிட்டது. தை பிறந்ததும் மரம் மரமாகப் பூத்தது. விடியற்காலை தோப்புக்குள் போனால் வாசனை மூக்கில் இல்லை, தொண்டையில் இருக்கும். பச்சை மாங்காய்ப் பாலும் வெல்லமும் கலந்த மாதிரி ஒரு வாசனை. அப்பா ஒவ்வொரு மரத்தடியிலும் நின்று அண்ணாந்து பார்ப்பார். கழுத்து வலிக்கு அம்மா தைலம் தேய்த்துவிட்டாள்.

தோப்பு வேலியை ஒட்டி எங்களுக்கு ஒரு ஓட்டு வீடு இருந்தது. அதில்தான் நர்ஸம்மா குடியிருந்தார். சொந்த ஊர் மார்த்தாண்டம் பக்கம். ராஜபாளையத்தில் பிரசவ வார்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சேலைக்குப் பதில் நீலச் சேலை கட்டிக்கொண்டு கோயிலுக்குப் போவார். எங்கள் ஊரில் கோயில் என்றால் ஒன்று, அவர் சொல்லும் கோயில் வேறு, மணி மட்டும் இரண்டிலும் அடிக்கும். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. ஊர் ஊராக மாற்றல் வாங்கியபோதெல்லாம் அவரோடு வந்தது ஒரு டிரங்குப் பெட்டியும், அவருடைய அம்மா வளர்த்த தேனீக்களும்தான். மரப்பெட்டிகள், செங்கல் உயரத்துக்கு ஸ்டாண்டு, ஸ்டாண்டின் காலுக்கு எறும்பு ஏறாமல் தண்ணீர் வைத்த கொட்டாங்கச்சி.

அவர் பேச்சைக் கேட்க நான் வேலியில் தொங்கிக்கொண்டிருப்பேன். "இது எனக்க அம்மைக்க ஈயாக்கும். அம்மை போனா, ஈ போகல்ல" என்பார். ஒரு தடவை நான் பெட்டி கிட்டே ஓடியபோது, "மெள்ள மக்ளே, பேறுகாலத்துக்காரி கிட்டப் போற மாதிரி போணும்" என்றார். இந்த ஒரு சொல்லுக்காகவே அவர் எங்கள் ஊரில் இருக்க வேண்டும் என்று நினைத்தேன்.

இனி சித்தப்பா. அவர் ஸ்ரீவில்லிபுத்தூரில் தேரடிப் பக்கம் ஒரு ஸ்டுடியோவில் வேலை பார்த்தார். மாடியில் ஸ்டுடியோ, கீழே பால்கோவாக் கடை. அவர் சட்டையில் ஒரு பக்கம் மருந்து வாடை, மறுபக்கம் பால் சுண்டுகிற வாடை. போட்டோ எடுப்பது முதலாளி. சித்தப்பாவின் வேலை முகத்தைச் சரிசெய்வது. ஒரு சாய்வுப் பலகை, அதில் ஒரு பால் கண்ணாடி, அடியில் விளக்கு. அதன்மேல் நெகட்டிவை வைத்து, ஊசி மாதிரி சீவிய பென்சிலால் தொட்டுத் தொட்டு எடுப்பார். அம்மை வடு போய்விடும். கண்ணுக்குக் கீழே கறுப்பு போய்விடும். மரு, தழும்பு, பரு எல்லாம் போய்விடும். அந்தக் காலத்தில் ஸ்ரீவில்லிபுத்தூர் சுற்று வட்டாரத்தில் கல்யாணமான பெண்கள் எல்லாரும் போட்டோவில் மட்டும் வழவழவென்று இருந்தார்கள் என்றால், அது சித்தப்பா புண்ணியம்.

ஒரு தடவை ஒரு அம்மா படியேறி வந்து சண்டை போட்டிருக்கிறாள். "எம் பிள்ளை தாடையில இருந்த மச்சத்தை எங்கய்யா? அந்த மச்சத்தைப் பாத்துத்தான் மாப்பிள்ளை வீட்டுல ராசின்னு சொன்னாவ. நீரு பாட்டுக்கு அழிச்சுட்டீரே!" சித்தப்பா சிரித்துச் சிரித்து இதை எங்களிடம் சொல்வார். "கை பழகிப் போச்சு மதினி" என்பார் அம்மாவிடம். "புள்ளியப் பாத்தா கை தானாப் போயிருது."

அவருக்கு ஒரு கிறுக்கு இருந்தது. சிலோனிலிருந்து திரும்பி வந்த ஒருவர் முதலாளியிடம் ஒரு சின்ன ஃபிலிம் கேமராவை விட்டுவிட்டுப் போயிருந்தார். அதன் லென்ஸைக் கழற்றி, முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பி வைத்துப் பார்த்தால் எறும்பு பூனைக்குட்டி அளவுக்குத் தெரியும் என்று சித்தப்பா தானாகவே கண்டுபிடித்தார். திருப்பின லென்ஸ் கேமராவில் நிற்காது. சைக்கிள் டியூபை வளையமாக வெட்டி மாட்டி இறுக்கினார். கல்யாணத்துக்குப் போட்ட ரோலில் கடைசி இரண்டு மூன்று படம் மிச்சமிருந்தால் முதலாளி கேட்க மாட்டார். அந்த மிச்சத்தை எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி எங்கள் தோப்புக்கு வந்துவிடுவார்.

அவர் படம் எடுப்பதைப் பார்க்க வேண்டுமே! தாழ்ந்த கிளையில் ஒரு பூங்கொத்தைத் தேர்ந்தெடுப்பார். காற்றில் ஆடாமல் இருக்க அதன் காம்பை ஒரு குச்சியோடு நூலால் கட்டுவார். முகம் பார்க்கிற கண்ணாடியை எதிர்க் கிளையில் சாய்த்து வைத்து வெயிலைப் பூவின் மேல் விழ வைப்பார். பிறகு காத்திருப்பார். பூச்சி வந்ததும் கேமராவைக் கண்ணில் வைத்து, தலையை முன்னும் பின்னும் ஒரு நெல் அளவு, அரை நெல் அளவு என்று அசைப்பார். அந்த லென்ஸில் திருகிப் பயனில்லை, ஆளே நகர வேண்டும். மூச்சு நின்றுவிடும். நாங்கள் கிட்டே போனால் ஏச்சு விழும். அதனால் தூரத்தில் நின்று நாங்களும் மூச்சை அடக்குவோம். கடைசியில் பூச்சி பறந்துவிடும். சித்தப்பா புஸ்ஸென்று மூச்சை விடுவார், நாங்களும் விடுவோம்.

இப்படித்தான் பச்சை ஈ, பொறிவண்டு, எறும்பு என்று பத்துப் பன்னிரண்டு படம் சேர்த்திருந்தார். அத்தை ஒருநாள் அதைப் புரட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "ஏலே, பொண்ணு பாக்கப் போற எடத்துல உம் போட்டோ கேட்டா இந்த ஈயக் காட்டிராத. ஈ உன்னைவிட லச்சணமா இருக்கு."

மாசி முதல் வாரத்தில் பூ கொட்ட ஆரம்பித்தது.

பூ கொட்டுவது இயல்புதான். ஆனால் இது வேறு மாதிரி. காம்பே கறுத்துச் சுருண்டு காய்ந்து விழுந்தது. இலைகளில் பிசுபிசுவென்று ஏதோ படிந்திருந்தது. மரத்தடியில் நடந்தால் காலில் சருகு ஒட்டியது. நாளாக ஆக அந்தப் பிசுக்கின்மேல் கரி பூசிய மாதிரி கறுப்பு ஏறியது. மரத்துக்கு அடியில் நின்றால் சடசடவென்று மெல்லிய சத்தம், தூறல் போல. முப்பது தறிச் சத்தத்தில் ஒரு நூல் அறுவதைக் கேட்கிற அப்பா அண்ணாந்து பார்த்து, "பனி சொட்டுது" என்றார். பனி உச்சி வெயிலில் எப்படிச் சொட்டும் என்று அவருக்கும் தோன்றவில்லை, எங்களுக்கும் தோன்றவில்லை.

தோப்புக் காவல்காரருக்குத் தோன்றியது வேறு. அவர் தெலுங்கு வீட்டு ஆள், என்னை "அம்மாயி", அவர் பாஷையில் சின்னப் பொண்ணு, என்றுதான் கூப்பிடுவார். முப்பது வருஷமாக அந்த மலையடிவாரத்தில் காவல். ஒரு இலையைப் பறித்து அப்பாவின் உள்ளங்கையில் தேய்த்தார். "நக்கிப் பாருங்கய்யா" என்றார். அப்பா நாக்கில் வைத்தார். இனித்தது.

"என்னது இது?"

"என்னதுன்னு என்னைக் கேக்கீயளே. இனிப்பா இருக்கு, பிசுபிசுன்னு இருக்கு. வேலிக்கு அந்தப் பக்கம் நாலு பெட்டி இருக்கு. பூவுல இருந்து உறிஞ்சிக்கிட்டுப் போறப்ப வழியெல்லாம் சிந்துது. வாய வச்ச பூ எப்படி நிக்கும்? சத்து பூரா அங்க போயிருது."

கேட்கக் கேட்க எல்லாம் பொருந்தியது. இதுதான் பாருங்கள், தப்பான பேச்சில் இருக்கிற வசதி. எல்லா மூலையும் பொருந்தும். தேன் இனிக்கும், இலை இனிக்கிறது. தேனீ பூவுக்கு வருகிறது, பூ விழுகிறது. அப்பா சாயங்காலமே நர்ஸம்மா வீட்டு வாசலுக்குப் போனார். உள்ளே போகவில்லை, வாசலில் நின்றே பேசினார்.

"நர்ஸம்மா, வீட்டுக்கு ஒண்ணுமில்ல. நீங்க பாட்டுக்கு இருங்க. பெட்டி மட்டும் வேண்டாம். எங்கயாவது எடுத்துட்டுப் போயிருங்க."

"அண்ணாச்சி, ஈ வந்தாத்தான் பிஞ்சு பிடிக்கும். ஈயால பூ விழாது."

"விழுதே. கண்ணால பாக்கேனே."

"பெட்டிய விட்டுட்டு நான் மாத்திரம் எப்படி இருப்பேன்? பெட்டி போற எடத்துக்கு நானும் மாற்றல் கேக்கணும்."

அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு திரும்பிவிட்டார். நான் வேலியில் தொங்கிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சித்தப்பா வந்தபோது நான்தான் ஓடிப்போய்ச் சொன்னேன். அவர் அப்பாவிடம் போனார். "அண்ணே, ஒரு வாரம் பொறுங்க. தேனீ பூவுல என்ன செய்யுதுன்னு நான் படம் பிடிச்சுக் காட்டுதேன். அது பூவக் கடிக்குதா, உறிஞ்சுதா, சிந்துதா, எல்லாம் பெருசாத் தெரிஞ்சிரும். கண்ணால பாத்துட்டுப் பொறவு சொல்லுங்க."

அப்பா ஒத்துக்கொண்டார். நியாயமான மனுஷன்தான். சாட்சி கேட்காமல் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்று நினைத்தார். சாட்சியைப் படிக்கத் தெரிய வேண்டும் என்பதுதான் எங்கள் யாருக்கும் தோன்றவில்லை.

சித்தப்பா அன்றைக்கு மூன்று படம் எடுத்தார். காலைப் பனியில் தேனீக்கள் சோம்பலாக இருக்கிற நேரம். ஒரு தேனீ கட்டி வைத்த பூங்கொத்தில் வந்து உட்கார்ந்தது. சித்தப்பாவின் தலை அரை நெல் அளவு முன்னால் போனது. கிளிக். அவர் மூச்சை விட்டபோதே தெரிந்துவிட்டது, படம் விழுந்துவிட்டது என்று.

அடுத்த ஞாயிறு, உறையில் வைத்துப் படத்தைக் கொண்டுவந்தார். என் வாழ்க்கையில் நான் பார்த்த முதல் பெரிய தேனீ அது. உள்ளங்கை அளவு. சிறகின் நரம்பு, வயிற்றின் பட்டை, மாம்பூவின் மகரந்தக் காம்பு எல்லாம் கண்ணாடியில் எழுதிய மாதிரி. அதற்குக் கீழே வழவழவென்ற பூங்காம்பு. வீட்டில் எல்லாரும் சுற்றி நின்றோம். அத்தையும் வந்திருந்தாள். அவள்கூட வாயைத் திறக்கவில்லை.

அப்போதுதான் நான் திறந்தேன். சித்தப்பாவுக்கு உதவுகிற நினைப்பு. யாருமே பார்க்காததைப் பார்த்துவிட்ட பெருமை.

"அப்பா, அதோட காலப் பாருங்க! பின்னங்கால்ல! ரெண்டு பக்கமும் பொட்டலம் கட்டி வச்சிருக்கு!"

இருந்தது. இரண்டு பின்னங்காலிலும் மாவு உருண்டை மாதிரி வெளுப்பாக இரண்டு மூட்டை.

அப்பா படத்தை வெளிச்சத்துக்குக் கொண்டுபோனார். வெகு நேரம் பார்த்தார். பிறகு சித்தப்பாவைப் பார்த்துத் தாழ்ந்த குரலில் சொன்னார்: "தலையப் பூவுக்குள்ள விட்டிருக்கு. கால்ல மூட்டை கட்டியிருக்கு. இதுக்கு மேல நான் என்னத்தப் பாக்கணும்?"

"அண்ணே, அது பூமாவு, அத எடுத்தா…"

"எடுக்குதுல்லா? நீயே சொல்லுத. எடுக்குது."

அத்தை மோவாயில் கை வைத்தாள். "களவாணிப்பய. என்ன தினுசா இடுப்புல கட்டாம கால்ல கட்டியிருக்கான் பாரு!"

காப்பாற்றக் கொண்டுவந்த படமே காட்டிக்கொடுத்துவிட்டது.  சித்தப்பாவுக்குப் பூச்சியைப் படம் பிடிக்கத் தெரியும், பூச்சிக்காகப் பேசத் தெரியாது. அப்பா அந்தப் படத்தைத் தோப்பு மோட்டார் ரூம் கதவுச் சட்டத்தில் சொருகி வைத்தார். வருகிறவர்கள் போகிறவர்கள் எல்லாரும் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போனார்கள்.

பெட்டி போக நாள் குறித்தாயிற்று. கூமாப்பட்டியில் நர்ஸம்மாவோடு படித்த இன்னொரு நர்ஸுக்குத் தோட்டம் இருந்தது, அங்கே. இடித்துக் குலுக்கி வண்டியில் கொண்டுபோனால் பாதிக்குப் பாதிதான் பிழைக்கும் என்று நர்ஸம்மா யாரிடமோ சொன்னதைக் கேட்டேன். முந்தின நாள் சாயங்காலம், ஈக்கள் எல்லாம் அடைந்த பிறகு, அவர் தேங்காய் நாரைப் பந்தாகச் சுருட்டி ஒவ்வொரு பெட்டியின் வாசலையும் அடைத்துக்கொண்டிருந்தார். நான் வேலிக்கு இந்தப் பக்கம் நின்றேன். உள்ளேயிருந்து தூரத்து மோட்டார் மாதிரி ஒரு உறுமல்.

"நான்தான் சொன்னேன். கால்ல பொட்டலம் இருக்குன்னு நான்தான் அப்பாட்ட சொன்னேன்" என்றேன். சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது.

அவர் நாரைச் சுருட்டுவதை நிறுத்தவில்லை. "உள்ளதத்தானே சொன்ன மக்ளே. இல்லாதத ஒண்ணும் சொல்லலையே" என்றார். திட்டியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்கியிருக்கும்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒன்று சொல்லிவிட வேண்டும். சித்தப்பா அந்தப் படத்தில் இரண்டு பிரதி போட்டிருந்தார். முதலில் போட்டது சரியில்லை என்று அவருக்கு எண்ணம். தேனீ நன்றாகத்தான் விழுந்திருந்தது. ஆனால் அதற்குக் கீழே பூங்காம்பில் ஆறு கறுப்புப் புள்ளி. ஃபிலிமில் தூசி என்று நினைத்தார். சின்ன ஃபிலிம், பென்சில் வேலை நடக்காது. அதனால் இரண்டாவது பிரதியில், பழைய சவர பிளேடை உடைத்து அதன் முனையால் ஆறு புள்ளியையும் பதமாகச் சுரண்டி எடுத்துவிட்டார். மணப்பெண் கன்னத்தில் மருவை எடுக்கிற கை அல்லவா? அந்தச் சுத்தமான படம் அப்பாவுக்கு. புள்ளி விழுந்த படத்தை, "இது கழிச்ச காப்பி, உங்க ஈ உங்ககிட்ட இருக்கட்டும்" என்று நர்ஸம்மாவிடம் கொடுத்துவிட்டார்.

அந்தச் சுரண்டின படம்தான் இன்றைக்கு என்னிடம் இருக்கிறது. நேரே பிடித்தால் ஒன்றும் தெரியாது. சாய்த்துப் பிடித்தால் பளபளப்பில் ஆறு இடம் மட்டும் மங்கலாக, விரல் வைத்தால் சொரசொரப்பாக இருக்கும். இன்னொரு படம் நர்ஸம்மாவோடு அவருடைய டிரங்குப் பெட்டியில் போய்விட்டது. அது எந்த ஊரில் இருக்கிறதோ. அந்த வருஷ மகசூலைப் பற்றிக் கேட்காதீர்கள். நாங்கள் கண்டுபிடித்தபோது பாதித் தோப்பு கறுத்துப்போயிருந்தது. அத்தை சாகும்வரை அந்த வருஷத்து மாங்காயைக் கையை விரித்து எண்ணிக் காட்டுவாள்.

சரி, அந்தக் காலைக்கு வருகிறேன்.

நர்ஸம்மா டியூட்டிக்குப் போகிற வெள்ளைச் சேலையில் இருந்தார். வண்டி வருவதற்குள் ஒரு குடம் தண்ணீர் பிடிக்கலாம் என்று மோட்டார் ரூமுக்குப் போனவர், கதவில் சொருகியிருந்த படத்தைப் பார்த்திருக்கிறார். குடத்தை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்த் தன் படத்தை எடுத்துக்கொண்டு வந்தார். பெட்டியை வழியனுப்ப முதல் பஸ்ஸில் வந்திருந்த சித்தப்பாவைப் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, ரெண்டும் ஒரே படம்தானே?"

"ஆமா."

"இதுல காம்புல புள்ளி இருக்கு. அதுல இல்ல. அது எங்க போச்சு?"

"அது தூசி நர்ஸம்மா. ஃபிலிம்ல ஒட்டியிருந்திருக்கு. நான்தான் சுரண்டி எடுத்தேன்."

அப்பாவும் கிட்டே வந்தார். அப்போதுதான் நர்ஸம்மா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, படத்தை அப்பா முகத்துக்கு நேரே நீட்டி, நான் முதலில் சொன்னேனே, அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அப்பா பார்த்தார். சித்தப்பா பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். ஆறு புள்ளி. ஒவ்வொன்றும் ஆப்பு மாதிரி, ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் கூர்மை. ஆறுக்கும் அகலமான பக்கம் மேலே. ஆறும் காம்போடு காம்பாக ஒட்டிக்கொண்டு, பால் குடிக்கிற குட்டிகள் மாதிரி வரிசையாக.

"நடுவுல இருந்தவனையே எல்லாரும் பாத்தோம்" என்றார் சித்தப்பா.  "நான் அழிச்சே போட்டேன்."

அப்பா இன்னும் நம்பவில்லை. தறிக்காரருக்குத் துணியைக் கையால் தொட்டால்தான் நம்பிக்கை. "படத்துல என்னத்தத் தெரியும். தூசியாவும் இருக்கலாம்" என்றார்.

நர்ஸம்மா படத்தை என் கையில் கொடுத்தார். பக்கத்து மரத்தடிக்குப் போய், வெள்ளைச் சேலையின் முந்தானையை இரண்டு கையாலும் விரித்து, தாழ்ந்த கிளையில் தொங்கிய ஒரு பூங்கொத்துக்கு அடியில் ஏந்தினார். "தம்பி, கிளையில ஒரு அடி அடிங்க" என்றார். சித்தப்பா உள்ளங்கையால் அடித்தார்.

சடசடசடவென்று கொட்டியது. பூவும் சருகும் கொஞ்சம். மற்றதெல்லாம் உயிர். சீரகத்தைவிடக் கொஞ்சம் பருமனாக, மண் நிறத்தில், ஆப்பு வடிவத்தில் பத்து, ஐம்பது, நூறு. சேலையில் விழுந்த இடத்தில் நிற்காமல் பக்கவாட்டில் நகர்ந்தன, துள்ளின, திரும்ப இலையில் போய் மோதின. அந்தச் சத்தத்தைத்தான் நாங்கள் பனி என்று மூன்று வாரம் கேட்டுக்கொண்டிருந்தோம். விழுந்த இடமெல்லாம் வெள்ளைச் சேலையில் பிசுக்குப் பொட்டு.

அப்பா ஒரு பூச்சியைப் பிடித்தார். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் நசுக்கினார். நாக்கில் வைத்தார். இனித்தது.

பெட்டி தூக்க வந்திருந்த காவல்காரர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பக் கட்டினார். "தத்துப்பூச்சி" என்றார் யாரையும் பார்க்காமல். "காம்புச் சாற உறிஞ்சிட்டு இனிப்பாக் கழியும். எப்பவும் இருக்கிறதுதான். இம்புட்டு இருக்கும்னு நினைக்கல."

 அப்பா துண்டைத் தோளிலிருந்து எடுத்தார், திரும்பப் போட்டார், திரும்ப எடுத்தார். பாதையில் மாட்டு வண்டியின் சலங்கை கேட்டது. அப்பா வாயைத் திறந்தார். மன்னிப்போ, வண்டியைத் திருப்பி அனுப்புகிற பேச்சோ, எதுவோ ஒன்று வரப்போகிறது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். வரவில்லை. நம் வீட்டு ஆண்களுக்கு அது வராது, உங்களுக்கே தெரியும்.

நர்ஸம்மா அதற்காகக் காத்திருக்கவில்லை. முந்தானையை ஒரு உதறு உதறி இடுப்பில் சொருகிக்கொண்டு வேலியைத் தாண்டிப் பெட்டிகளிடம் போனார். குனிந்து முதல் பெட்டி வாசலிலிருந்த நாரை உருவினார். இரண்டாவதை உருவினார். மூன்றாவதை உருவினார். நாலாவது பெட்டியிடம் வந்ததும் கையை எடுத்துக்கொண்டு, ஒரு எட்டு தள்ளி நின்று, பின்னாலேயே வந்திருந்த அப்பாவுக்கு வழி விட்டார்.